துண்டிக்கப்பட்ட அலறல்: பிரான்சிஸ் பேக்கன் ஓவியங்களில் ஐசன்ஸ்டீனின் ஒரு ஷாட்

சினிமாவின் தாக்கம் பெற்ற ஓவியம் என்றதும் அதில் அசைவைத் தேடுவது கலை விமர்சனத்தில் வழக்கமாகிவிட்டது. மார்செல் துஷாம் 1912இல் வரைந்த ‘படியிறங்கும் நிர்வாண உருவம், எண் 2’ அந்தத் தேடலுக்கு இடம் தருகிறது. ஓர் உடலின் அடுத்தடுத்த நிலைகள் அதில் ஒரே கேன்வாஸில் அடுக்கப்பட்டுள்ளன. பிரான்சிஸ் பேக்கனை இதே அளவுகோலால் அளக்க முடியாது. திரையில் ஒரு காரணத்தோடு வந்த முகத்தை அந்தக் காரணத்திலிருந்து பிரித்தெடுத்ததே அவர் செய்த காரியம் என்பது என் வாதம்.

ஐசன்ஸ்டீனின் ‘போர்க்கப்பல் பொட்டம்கின்’ (1925) படத்தில் ஒடேசா படிக்கட்டுக் காட்சியின் முடிவை நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும். குழந்தை வண்டி உருள்கிறது. ஒரு கசாக்கு வீரன் வாளை ஓங்கி வீசுகிறான். அடுத்த ஷாட்டில் மூக்குக்கண்ணாடி உடைந்து, கண்ணில் ரத்தம் வழிய, வாய் திறந்து அலறும் பெண். வாள் அவள்மேல் படும் ஷாட் படத்தில் கிடையாது. அவளை வெட்டியது யார் என்ற முடிவுக்குப் பார்வையாளரே வருகிறார். இரு ஷாட்டுகளின் மோதலில் பொருள் பிறக்கிறது என்ற ஐசன்ஸ்டீனின் கொள்கைக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். ஆக, அந்த அலறலின் காரணம் முகத்தில் இல்லை. ஒட்டில் இருக்கிறது.

பேக்கன் அந்த ஒட்டைத்தான் பிரித்தார். இன்று பிராங்க்ஃபர்ட் ஷ்டேடல் அருங்காட்சியகத்தில் உள்ள ‘பொட்டம்கின் செவிலிக்கான ஆய்வு’ (1957) ஓவியத்தில் வீரனும் இல்லை, படிக்கட்டும் இல்லை, வண்டியும் இல்லை. ஆடையும் களையப்பட்ட அந்தப் பெண்ணின் உடல் வாய் திறந்து தனித்திருக்கிறது. இதற்கு முன்பே, ‘தலை 6’ (1949) ஓவியத்தில் அதே வாய் ஒரு போப்பாண்டவருக்கு இடம் மாறிவிட்டது. அவருக்கு மூலமான, வெலாஸ்கெஸ் 1650இல் வரைந்த பத்தாம் இன்னசென்ட் வாயை இறுக மூடிய அதிகாரி. அவருக்கு அலற எந்தக் காரணமும் இல்லை. காரணமே இல்லாதவரிடம் அலறலைக் கொண்டுபோய் வைத்ததில்தான் பேக்கனின் துணிச்சல் இருக்கிறது. எதைக் கண்டு அலறுகிறார் என்று கேட்டுக்கொண்டு ஓவியத்தைச் சுற்றிச்சுற்றி வருகிறோம். விடை சொல்ல அடுத்த ஷாட் வருவதில்லை.

படம் ஊமைப்படம் என்பதும் சிறிய செய்தியில்லை. ஒலியில்லாத அலறலைத்தான் பேக்கன் திரையில் பார்த்தார்; ஓவியத்துக்கு மாறும்போது அது எதையும் இழக்கவில்லை.

மைபிரிட்ஜின் அசைவுப் புகைப்படங்களையும் பேக்கன் பயன்படுத்தினாரே என்று மறுப்பு எழலாம். உண்மை. ஆனால் அவற்றிலும் அவர் வரிசையைக் கைவிட்டுத் தனி நிலைகளையே எடுத்தார். முப்பலகை ஓவியங்களின் பலகைகளைத் தனித்தனிச் சட்டங்களில் இட்டதும் கதை உருவாகிவிடாமல் தடுக்கவே.

கலை விமர்சகர் டேவிட் சில்வெஸ்டருடனான நேர்காணலில், மனித அலறலைத் தன்னைவிட ஐசன்ஸ்டீன் சிறப்பாகச் செய்துவிட்டார் என்ற பொருளில் பேக்கன் பேசினார். அந்தத் தன்னடக்கத்தை நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. இருவரும் செய்தது ஒரே வேலை அன்று. ஐசன்ஸ்டீன் குற்றவாளியைக் காட்டினார். பேக்கன் குற்றவாளியை நீக்கினார். இவ்வோவியங்களைப் பற்றி எழுதுவோர் முகச் சாயலைச் சுட்டுவதோடு நின்றுவிடாமல், எந்தெந்த ஷாட்டுகள் விலக்கப்பட்டன என்பதையும் ஆராய வேண்டும்.