அரை டேங்க் டீசல்

நாமக்கல்லில் சேலம் ரோட்டோரம் இருந்த ஒரு ஷெட்டில் 1971-ல் கையாளாகச் சேர்ந்தேன். நாமக்கல் அப்போது தனி மாவட்டம் இல்லை, சேலம் ஜில்லாதான். மேஸ்திரி எனக்கு முதலில் கற்றுக்கொடுத்த வேலை ‘ஏர் எடுப்பது’. லாரித் தொழிலில் இருந்த நண்பர்களுக்கு இந்த வார்த்தையைக் கேட்டதுமே கையில் டீசல் வாசம் அடிக்கும்.

எங்களுக்கு முந்தைய தலைமுறை ஓட்டியது பெட்ரோல் லாரிகள். யுத்த காலத்தில் பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்ததும் பஸ்ஸின் பின்னால் அடுப்பு கட்டிக் கரி கேஸில் ஓட்டினார்கள். யுத்தம் முடிந்தபின் மிலிட்டரி டிஸ்போசல் வண்டிகள் வந்தன. டீசல் லாரி பெருகியது அதற்கப்புறம்தான். 1954-ல் டெல்கோ ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸோடு கூட்டுச் சேர்ந்து ஜாம்ஷெட்பூரில் லாரி செய்ய ஆரம்பித்தது. எண்ணூரில் ஆஸ்டின் கார் பூட்டிக்கொண்டிருந்த அசோக் மோட்டார்ஸ் 1955-ல் அசோக் லேலண்ட் ஆனது. டெல்கோவின் ஒப்பந்தம் 1969-ல் முடிந்தது. அதனால் நான் தொழிலுக்கு வந்தபோதும் நட்சத்திரம் வைத்த ‘பென்ஸ்’ வண்டிகள் ரோட்டில் நிறையவே இருந்தன.

அந்தப் பழைய பென்ஸில் ஹீட்டர் பிளக் உண்டு. டேஷ்போர்டில் சின்னக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கும். அது சிவந்த பிறகுதான் செல்ஃப் அடிக்க வேண்டும். ஆறு பிளக்கும் ஒரே வரிசையில் கோத்தவை. சீரியல் செட் மாதிரி ஒன்று போனால் ஆறும் போச்சு. மார்கழிக் காலையில் ஓசூர்ப் பக்கம் சுருள் சிவக்காமல் மாட்டிக்கொண்டவர்களுக்கு அந்த அவஸ்தை தெரியும். கண்டுபிடிக்கும் வழி எளிது. சுவிட்சைப் போட்டுவிட்டு ஒவ்வொரு பிளக்கின் இரண்டு முனையையும் ஸ்குரூ டிரைவரால் தொட்டுக்கொண்டே போக வேண்டும். எதைத் தொடும்போது சுருள் சிவக்கிறதோ, அதுதான் செத்த பிளக்.

காற்று விஷயம் அவ்வளவு எளிதல்ல. ருடால்ஃப் டீசல் 1897-ல் ஓட்டிக்காட்டிய எஞ்சினில் எண்ணெயை உள்ளே ஊதித் தள்ளியதே காற்றுதான். 1927-ல் பாஷ் கம்பெனி பம்ப் செய்து விற்க ஆரம்பித்த பிறகு அந்தக் காற்றே எதிரியாகிவிட்டது. பம்ப் டீசலை அழுத்தினால் அது நாசிலைத் திறந்துகொண்டு பீய்ச்சும். நடுவில் காற்று இருந்தால் காற்றுதான் சுருங்கி விரியும், நாசில் திறக்காது. வண்டி டக் டக் என்று சுற்றுமே தவிர எடுக்காது. பேட்டரி இறங்கியதுதான் மிச்சம். ஃபில்டர் ஸ்குரூவைத் தளர்த்தி, ஃபீட் பம்பின் கைப்பிடியை அடித்து, நுரை நின்று சுத்தமான டீசல் வரும்வரை அடிக்க வேண்டும். பிறகு பம்ப் ஸ்குரூ, அப்புறம் நாசில் நட்டு. இதுதான் ஏர் எடுப்பது.

ஃபீட் பம்புக்கு அப்பால் ஓட்டை இருந்தால் டீசல் சொட்டிக் காட்டிக்கொடுத்துவிடும். டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் இருந்தால் ஒரு சொட்டுக்கூட வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும். இது தெரியாமல் நான் ஒரு மனிதருக்குச் செய்ததை இப்போதாவது எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஷெட்டுக்கு வந்துபோகும் ஒரு லாரி பெங்களூர் போகையில் தொப்பூர் கணவாய் ஏற்றத்தில் இரண்டு தடவை நின்றுவிட்டது. மூன்றாவது தடவை முதலாளி என்னை பஸ்ஸில் அனுப்பினார். டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும். நான் போவதற்குள் கிளீனரை விட்டு இரண்டு டின் டீசல் வாங்கி ஊற்றியிருந்தார். “தம்பி, டேங்க் நெறைய இருந்தா ஒண்ணும் பண்றதில்லீங்க. பாதிக்குக் கீழ போனாத்தான் நிக்குது” என்றார். நான் காதில் வாங்கவில்லை. ஃபில்டரைத் திறந்தேன், காலி. ஏர் எடுத்தேன், வண்டி எடுத்துக்கொண்டது. முதலாளியிடம் வந்து, “டேங்க் வறண்டிருக்குதுங்க” என்றேன். அவர் கணக்குப்படி டேங்கில் பாதி இருக்க வேண்டும். டீசலை வழியில் விற்றுவிட்டான் என்று முடிவு கட்டி மறுநாளே அவரை நிறுத்திவிட்டார்.

புது டிரைவர் வந்தார். மாதம் முடிவதற்குள் அதே மேட்டில் வண்டி நின்றது. இந்தத் தடவை மேஸ்திரியே வந்தார். ஃபில்டரைத் தொடவேயில்லை. முதலில் டேங்கில் கம்பு விட்டுப் பார்த்தார். பாதிக்குச் சற்றுக் கீழே டீசல் நின்றது. டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயைக் கழற்றச் சொன்னார். அதன் கீழ்முனையை விரலால் அடைத்து, பக்கெட் தண்ணீரில் முக்கி, மேல்முனையில் வாய் வைத்து ஊதினார். குழாயின் நடுவில் முடி போன்ற விரிசலிலிருந்து சரஞ்சரமாகக் குமிழி வந்தது. டீசல் அந்த மட்டத்துக்கு மேலே இருக்கும்வரை வண்டி ஓடும். கீழே இறங்கினால் குழாய் காற்றைக் குடிக்கும்.

“டேங்க் வறண்டிருக்குதுன்னு சொன்னியே, கம்பு விட்டுப் பாத்தியா?” என்று மட்டும் கேட்டார். நான் பேசவில்லை.

முதலாளி ஆள் அனுப்பியும் அந்த டிரைவர் திரும்பி வரவில்லை. சங்ககிரியில் வேறு வண்டி கிடைத்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே தேடிப் போனேன். குழாயைக் காகிதத்தில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். திண்ணையில் உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, விரிசலை நகத்தால் நெருடிப் பார்த்தார்.

“பாதிக்குக் கீழன்னு சொன்னனே தம்பி” என்றார். குழாயைத் திரும்பக் காகிதத்தில் சுற்றி என்னிடமே கொடுத்துவிட்டார்.