199-வது பெயர்



நம் கல்லூரி நோட்டீஸ் போர்டை யாரால் மறக்க முடியும்? இறுதியாண்டில் கேம்பஸ் இன்டர்வியூ முடிவுகள் அதில்தான் ஒட்டப்பட்டன. மூன்று பட்டியல்கள் வந்தன. மூன்றிலும் என் பெயர் இல்லை. "அடுத்த லிஸ்ட்ல வரும்டா" என்று அறைத்தோழன் தேற்றினான். வரவில்லை. பிற்பாடு வேலை நிமித்தமாக அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில் இரண்டாண்டு இருந்தபோது, அங்கும் இப்படியொரு பட்டியல் உண்டென்று அறிந்தேன். அதன் கதை இது.

கல்லூரி வீரர்களைத் தொழில்முறை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுப்பதற்கு டிராஃப்ட் என்று பெயர். அமெரிக்கக் கால்பந்தில் இந்த யோசனையைச் சொன்னவர் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் பெர்ட் பெல். வலுத்த அணிகளே நல்ல வீரர்களை அள்ளிக்கொண்டால் மற்றவை பிழைப்பது எப்படி? ஆகவே கடைசி இடத்து அணிக்கே முதல் வாய்ப்பு. 1936-ல் நடந்த முதல் டிராஃப்டின் முதல் பெயர், சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஜே பெர்வாங்கர். வேடிக்கை என்னவென்றால், அவர் தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை! சம்பளப் பேச்சு படியவில்லை.

அந்நாளில் பத்திரிகைச் செய்தியும் காதுவழிச் சேதியும்தான் ஆதாரம். பின்னர் கம்பைன் என்ற பொதுச் சோதனை வந்தது. 40 கெஜ ஓட்டம், தாண்டல், மருத்துவப் பரிசோதனை எல்லாம் உண்டு. ஓட்டத்தில் நொடியின் சிறு பங்கு குறைந்தால் மதிப்பு ஏறும். முழங்காலில் பழுதென்றால் இறங்கும்.

அணியின் தேவையும் பெயரை ஏற்றி இறக்கும். 1984 கூடைப்பந்து டிராஃப்டில் இரண்டாவது வாய்ப்பு போர்ட்லண்ட் அணிக்கு. கிளைட் டிரெக்ஸ்லர் ஏற்கெனவே இருந்ததால், உயரமான சாம் போவியை எடுத்தார்கள். மூன்றாவதாக சிகாகோவுக்குப் போனவர் யார் தெரியுமா? மைக்கேல் ஜோர்டான்!

2000-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டாம் பிராடி, 40 கெஜம் ஓட 5.28 நொடி எடுத்தார். அவர் ஆடிய குவார்ட்டர்பேக் இடத்துக்கே ஆறு பேர் அவருக்கு முன் தேர்வானார்கள். அவர் பெயர் 199-வது. 2001-ல், 1993 டிராஃப்டின் முதல் பெயரான டுரூ பிளெட்சோ காயமடைய, பிராடி களமிறங்கினார். 2023-ல் ஓய்வு பெறும்போது அவர் கையில் ஏழு சூப்பர் பவுல் பட்டங்கள்.

199-வதாக வருகிறவரெல்லாம் பிராடி ஆகிவிடுவதில்லை. பெரும்பாலோர் காணாமலே போகிறார்கள். பட்டியலும் சும்மா போட்டதல்ல. ஆனால் கடிகாரம் ஓட்டத்தை அளக்கும். நெருக்கடியில் பதறாத மனசை எதை வைத்து அளப்பது? பொறியாளனாகச் சொல்கிறேன்: கருவி எதை அளக்கிறதோ அதை மட்டுமே காட்டும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இப்போது மேஜைக்கு மறுபக்கம் உட்கார்ந்து ஆள் எடுப்பவன் நான். போன வருஷம் ஒரு பையனின் பெயரைப் பத்தே நிமிஷத்தில் அடித்துவிட்டேன். தடுமாறிப் பேசினான், அவ்வளவுதான். அந்தப் பெயர் இன்னும் ஞாபகத்தில் இருக்கிறது. மறுபக்கம் உட்காரும் நண்பர்களே, இன்னொரு கேள்வி கேளுங்கள். போர்டில் பெயர் காணாத தம்பி தங்கைகளே, அது அன்றைய பட்டியல், அவ்வளவே!