விலங்கோடு கண்ட மூன்று புத்தாண்டுகள்



டிசம்பர் 31 நள்ளிரவுத் திருப்பலி முடிந்ததும் ஆலய வளாகத்தில் ஒருவருக்கொருவர் கைகொடுத்து நாம் சொல்லும் சொல் ஏறக்குறைய ஒன்றுதான்: "இந்த வருசமாவது நல்லபடியா இருக்கணும்." இந்த ஆசையில் தவறு ஏதும் இல்லை. ஆனால் அந்த "ஆவது" என்ற சொல்லுக்குள் எவ்வளவு பயம் ஒளிந்திருக்கிறது! பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன மகனை நினைத்துப் பயம். குழுவில் வாங்கிய கடனை நினைத்துப் பயம். மகளின் வரனை நினைத்தும், மருத்துவர் எடுத்துவரச் சொன்ன ஸ்கேனை நினைத்தும் பயம்.

திருவண்ணாமலையில் வாழும் நமக்கு இந்தப் பயம் கற்பனையானதல்ல. 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழையில், வ.உ.சி. நகரில் மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறையும் சரிந்து வீட்டை மூடின. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஐந்து பேர் குழந்தைகள். அந்த ஆண்டு பிறந்தபோதும் யாரோ அவர்களை, "நல்லா இருங்க" என்று வாழ்த்தியிருப்பார்கள்.

ஆகவே, "இந்த ஆண்டு உங்களுக்கு ஒரு தீங்கும் வராது" என்று இந்த ஒலிபெருக்கியின் முன் நின்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. நற்செய்தியும் அப்படி ஒரு வாக்கை நமக்குத் தரவில்லை. அப்படியானால் எந்தத் துணிவோடு நாம் ஒரு புதிய ஆண்டுக்குள் நுழைவது? இதற்கு விடை தேட, நம் தமிழ் மண்ணில் வாழ்ந்த ஒருவரிடம் உங்களை அழைத்துச் செல்கிறேன். புத்தாண்டு பிறந்த பதினான்காம் நாள் திருச்சபை அவரை நினைவுகூர்கிறது. பொங்கல் பரபரப்பில் பல நேரம் நாம் மறந்துவிடும் நாள் அது. அவர்தான் மறைசாட்சியான புனித தேவசகாயம்.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ள நட்டாலம் என்ற ஊரில் 1712 ஏப்ரல் 23 அன்று அவர் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் நீலகண்டன். வசதியான குடும்பம். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் பணி. மனைவி பார்கவி. அந்தக் காலத்தில் ஒரு மனிதன் விரும்பக்கூடிய எல்லாம் அவருக்கு அமைந்திருந்தன.

1741 ஆகஸ்டு 10 அன்று குளச்சல் போரில் திருவிதாங்கூர்ப் படை டச்சுக்காரர்களை வென்றது. பிடிபட்ட டச்சுப் படைத்தலைவர்களுள் ஒருவர் எஸ்தாக்கியுஸ் தே லனாய். கத்தோலிக்கர். மன்னர் அவரது திறமையைக் கண்டு தம் படைக்குப் பயிற்சி அளிக்கும் பொறுப்பைக் கொடுத்தார். கைதியாக வந்தவர் காலப்போக்கில் "வலிய கப்பித்தான்" என்று அழைக்கப்படும் அளவுக்கு உயர்ந்தார். 1777இல் இறந்த அவரது கல்லறையை இன்றும் உதயகிரிக் கோட்டைக்குள் காணலாம்.

இந்தத் தே லனாயும் நீலகண்டனும் நண்பர்களானார்கள். அந்தக் காலகட்டத்தில் நீலகண்டனின் குடும்பத்துக்கு அடுக்கடுக்காக இழப்புகள் நேர்ந்தன, மாடுகள் மடிந்தன, விளைச்சல் பொய்த்தது என்று அவரது வரலாறு கூறுகிறது. மனம் உடைந்திருந்த நண்பருக்குத் தே லனாய் யோபுவின் கதையைச் சொன்னார்.

சற்று நின்று பாருங்கள். "கிறிஸ்துவை நம்பினால் உன் மாடுகள் பெருகும்" என்று அவர் சொல்லவில்லை. மந்தையையும் பிள்ளைகளையும் உடல்நலத்தையும் இழந்து, சாம்பலில் உட்கார்ந்து, கடவுளோடு வாதாடி, அப்படியும் கடவுளை விட்டு விலகாத ஒருவனின் கதையைச் சொன்னார். சொன்னவரும் நாட்டையும் விடுதலையையும் இழந்து, தோற்ற படையின் கைதியாக வந்தவர்தான். விசுவாசம் பல நேரங்களில் இப்படித்தான் கைமாறுகிறது. இழந்தவரின் வாயிலிருந்து இழந்தவரின் காதுக்குப் போகிறது.

1745 மே 14 அன்று, திருநெல்வேலிச் சீமையில் உள்ள வடக்கன்குளத்தில், இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளாரிடம் நீலகண்டன் திருமுழுக்குப் பெற்றார். இலாசர் என்பது திருமுழுக்குப் பெயர். அதன் பொருளைத் தமிழில் சொன்னால் "கடவுளே என் உதவி". அதுவே தேவசகாயம் ஆயிற்று. பிறகு அவர் மனைவியும் திருமுழுக்குப் பெற்று ஞானப்பூ ஆனார்.

திருமுழுக்குக்குப் பிறகு அவரது நடத்தை மாறியது. எல்லாரும் சமம் என்று போதித்தார். எந்தச் சாதி என்று பாராமல் எல்லாரோடும் ஒன்றாகப் பழகினார். உயர்குடியினர் பலருக்கு இது பொறுக்கவில்லை. அரசுக்கு எதிராக நடந்தார், உளவு சொன்னார் என்ற குற்றச்சாட்டுகள் எழுந்தன. பதவி பறிபோனது. 1749 பிப்ரவரியில் அவர் கைது செய்யப்பட்டார். எருக்கம்பூ மாலை சூட்டி, எருமையின்மேல் பின்னோக்கி உட்காரவைத்து, ஊர் ஊராக அவரை இழுத்துச் சென்றார்கள் என்றும், அடித்த காயங்களில் மிளகாய்ப் பொடி தடவினார்கள் என்றும் மக்களின் நினைவு சொல்கிறது. பெருவிளையில் ஒரு வேப்பமரத்தில் கட்டிவைக்கப்பட்டபோது, வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஆறுதல் தேடி அவரிடம் திரும்பி வந்தார்களாம்.

அன்பார்ந்தவர்களே, இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். கைது 1749 பிப்ரவரியில். மரணம் 1752 ஜனவரியில். இடையில் அவர் விலங்கோடு கண்ட புத்தாண்டுகள் மூன்று.

முதலாவது 1750. அதே ஜனவரியில்தான் மார்த்தாண்ட வர்மா தம் நாடு முழுவதையும் ஸ்ரீபத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்து, இனி தாம் பத்மநாபனின் தாசன் என்று அறிவித்தார். நாட்டை வென்றவரும் "இது என்னுடையது அல்ல" என்று சொல்ல வேண்டியிருந்தது. ஏற்கெனவே எல்லாவற்றையும் இழந்திருந்த கைதியோ, தன்னையே ஒப்படைத்துக் காத்திருந்தார். கைதாகி ஓர் ஆண்டுகூட ஆகாத நேரம். மன்னர் மனம் மாறுவார், வீடு திரும்பலாம் என்ற எதிர்பார்ப்புக்கு அந்தப் புத்தாண்டில் இடம் இருந்திருக்கலாம்.

இரண்டாவது 1751. விடுதலை வரவில்லை. துன்பம் புதிதாக இருக்கும்போது ஊரே வந்து பார்க்கும். அது பழகிப்போனபின் யாரும் வருவதில்லை. இரண்டாம் ஆண்டின் தனிமை எப்படிப்பட்டது என்பதைப் படுத்த படுக்கையாய் இருப்பவர்களும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் நீங்களும் அறிவீர்கள்.

மூன்றாவது 1752. அந்த ஆண்டில் அவருக்கு மிச்சம் இருந்தவை பதினான்கு நாள்களே. அது அவருக்குத் தெரியாது. ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் வீரர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். உடலைக் காட்டில் எறிந்தார்கள். எஞ்சியதைக் கிறிஸ்தவர்கள் திரட்டிக் கொண்டுபோய்க் கோட்டாறு புனித சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்தார்கள். கிறிஸ்தவராக அவர் வாழ்ந்தது ஏழு ஆண்டுகளுக்கும் குறைவு. அதில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் விலங்கில் கழிந்தன.

அவரது துணிவு எங்கிருந்து வந்தது? எதிர்காலம் தெரிந்ததால் அல்ல. விலங்கு நாளை கழலும் என்ற உறுதியால் அல்ல. அவர் கையில் இருந்தது ஒரு பெயர் மட்டுமே: "கடவுளே என் உதவி." அந்தப் பெயர் "நான் வீரன்" என்று சொல்லவில்லை. உதவி தேவைப்படும் மனிதன் நான் என்றும், அந்த உதவி கடவுள்தான் என்றும் அது சொல்கிறது.

இதைப் புத்தாண்டு வழிபாட்டோடு சேர்த்துப் பாருங்கள். ஜனவரி முதல் நாளில், கன்னி மரியா இறைவனின் தாய் என்று நாம் பெருவிழா எடுக்கிறோம். அன்று வாசிக்கப்படும் லூக்கா நற்செய்திப் பகுதி எங்கே முடிகிறது? எட்டாம் நாள் குழந்தைக்கு இயேசு என்று பெயரிட்டதில். ஆண்டவர் மீட்கிறார் என்பது அப்பெயரின் பொருள். வரப்போகும் ஆண்டில் என்ன நடக்கும் என்ற பட்டியலைத் திருச்சபை நம்மிடம் தருவதில்லை. ராசிபலன் தருவதில்லை. ஒரு பெயரைத் தருகிறது. ஏரோதின் வாளும் எகிப்துப் பயணமும் இனிமேல்தான் வரப்போகின்றன என்பதை அறியாமலே, மரியா அந்தப் பெயரைச் சொல்லிக் குழந்தையை அணைத்துக்கொண்டார்.

ஞானப்பூ அம்மாளையும் இங்கே மறக்கக் கூடாது. கணவர் சுடப்பட்ட பிறகும் அவர் தன் நம்பிக்கையைக் கைவிடவில்லை. வடக்கன்குளத்திலேயே வாழ்ந்து அங்கேயே மறைந்தார். அவர் தனியாகக் கண்ட புத்தாண்டுகளை யாரும் எழுதி வைக்கவில்லை. கணவரை இழந்தபின் வரும் முதல் புத்தாண்டு எவ்வளவு கனமானது என்று அறிந்த தாய்மார்கள் பலர் நம் பங்கில் இருக்கிறார்கள். அந்த அம்மாளிடம் உங்களுக்காக வேண்டச் சொல்லுங்கள்.

வரலாறு இத்துடன் முடிந்திருந்தால் நாம் பெருமையோடு எழுந்து வீட்டுக்குப் போகலாம். ஆனால் முடியவில்லை. தேவசகாயம் திருமுழுக்குப் பெற்ற அதே வடக்கன்குளத்தில், அவர் இறந்து 120 ஆண்டுகளுக்குப் பின், 1872இல் ஒரு பெரிய ஆலயம் எழுந்தது. பீடம் ஒன்று. மக்கள் நிற்கும் பகுதிகள் இரண்டு. ஒரு சாதியினரின் கண்ணில் மற்றச் சாதியினர் படாதபடி நடுவே சுவர். எல்லாரும் சமம் என்று வாழ்ந்ததற்காக விலங்கை ஏற்றவர் ஞானத்தந்தையரின் முன் தலைகுனிந்து நின்ற ஊரில், ஒரே அப்பத்தைச் சுவரின் இரு பக்கமும் நின்று உண்டார்கள். 1910இல் இயேசு சபைக் குருக்கள் அந்தச் சுவரை இடித்தார்கள். அதை மறுபடியும் கட்டித் தரவேண்டும் என்று கிறிஸ்தவர்களே நீதிமன்றம் சென்றார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை.

விலங்கைத் தாங்கவும் துணிவு வேண்டும், சுவரை இடிக்கவும் துணிவு வேண்டும். இந்த இரண்டில் எது கடினம் என்று கேட்டால், நம் சமூகத்துக்கு இரண்டாவதுதான் என்று சொல்லத் தோன்றுகிறது. தமிழகத்தின் சில ஊர்களில் இன்றும் கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டம் சாதிவாரியாகப் பிரிந்து கிடக்கிறது. திருவிழாத் தேர் எந்தத் தெரு வழியாகப் போகும், எந்தத் தெருவுக்குள் போகாது என்பதில் இன்றும் சண்டை உண்டு. திருமுழுக்கில் ஒன்றானவர்கள் திருமணப் பேச்சில் பிரிந்துவிடுகிறார்கள்.

2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் தேவசகாயம் அருளாளராக உயர்த்தப்பட்டார். 2022 மே 15 அன்று உரோமை புனித பேதுரு சதுக்கத்தில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர். குருவோ துறவியோ அல்ல, உங்களைப் போல் வேலையும் குடும்பமும் உள்ள மனிதர். புனிதராக அறிவிக்கப்பட்டபோது அவர் பெயரின் பின்னால் வழக்கமாக ஒட்டியிருந்த "பிள்ளை" என்ற சாதிப் பட்டம் நீக்கப்பட்டது. இன்று பீடத்தில் இருப்பது தேவசகாயம் என்ற பெயர் மட்டுமே.

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். இந்த வரலாற்றை நம் இந்து அண்டை வீட்டார்மேல் கசப்பை வளர்க்க யாரும் பயன்படுத்த வேண்டாம். விலங்கு போட்டவர்கள் ஒரு காலத்து அதிகாரிகள். சுவர் கட்டியவர்கள் நம்மவர்கள். கார்த்திகைத் தீபத்துக்கும் பௌர்ணமிக்கும் இலட்சக்கணக்கானோர் நடந்து வரும் இந்த நகரில், நாம் அவர்களோடு ஒரே தெருவில், ஒரே மலையின் அடியில் வாழ்கிறோம். ஜனவரி முதல் நாள் உலக அமைதி நாள் என்பதை மறக்க வேண்டாம்.

ஆகவே இந்தப் புத்தாண்டில் உங்களிடம் இரண்டைக் கேட்கிறேன். முதலாவது, உங்கள் பயத்தை மறைக்காதீர்கள். காலையில் எழுந்ததும் அதைப் பெயர் சொல்லி ஆண்டவர்முன் வையுங்கள்: இந்தக் கடன், இந்த நோய், இந்தப் பிள்ளை. வைத்துவிட்டு, "கடவுளே என் உதவி" என்று சொல்லி அன்றைய வேலைக்குப் போங்கள். ஓர் ஆண்டு முழுவதையும் தாங்கும் பலத்தைக் கடவுள் ஒரே நாளில் தருவதில்லை. அந்தந்த நாளுக்கு உரியதைத் தருகிறார்.

இரண்டாவது, உங்கள் வீட்டில், உங்கள் அன்பியத்தில், நம் பங்கில் நிற்கும் ஒரு சுவரையாவது இந்த ஆண்டு அடையாளம் காணுங்கள். இதுவரை நீங்கள் தண்ணீர் வாங்கிக் குடிக்காத ஒரு வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, குடித்துவிட்டு வாருங்கள். இரண்டாம் ஆண்டாகப் படுக்கையில் கிடப்பவரை, எல்லாரும் மறந்துவிட்ட அந்த மனிதரை, ஒருமுறை போய்ப் பாருங்கள். ஜனவரி 14 வருவதற்குள் இதைச் செய்து முடியுங்கள். தேவசகாயத்துக்குக் கிடைத்த அதே பதினான்கு நாள்கள் நமக்கும் இருக்கின்றன.

இறைவனின் தாயான மரியாவும் மறைசாட்சியான புனித தேவசகாயமும் நமக்காகப் பரிந்து பேசுவார்களாக. எல்லாம் வல்ல இறைவன் தந்தை, மகன், தூய ஆவியார் உங்களையும் உங்கள் இல்லங்களையும், நாம் வாழும் இந்த ஊரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.