உனக்கு எத்தனை இங்கிலீஷ் வார்த்தை தெரியும்?

போன டிசம்பரில் ஊருக்குப் போயிருந்தபோது திருவனந்தபுரத்திலிருந்து பொன்முடிக்குக் குடும்பத்தோடு ஒரு டிரிப். 22 கொண்டை ஊசி வளைவு, தேயிலைத் தோட்டம், மூடுபனி... அக்கா பையன் மட்டும் எதையும் பார்க்கவில்லை. ஃபோனில் ஏதோ இலவச டெஸ்ட். "உனக்குத் தெரிந்த ஆங்கிலச் சொற்கள் 3,100. வெளிநாட்டுப் படிப்புக்குப் போதாது" என்று வந்ததும் மூஞ்சி தொங்கிவிட்டது. அதற்குக் கீழேயே பணம் கட்டிச் சேர ஒரு கோர்ஸ்! அக்கா கட்டவே தயாராகிவிட்டாள்.

நம்ம வீட்டுப் பிள்ளைகள் பலர் இதில் சிக்குவதால் இந்தப் பதிவு. கொஞ்சம் பழங்கதை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மண்டைக்குள் இருக்கும் சொற்களை யாரும் எண்ணுவதில்லை. கொஞ்சம் சொற்களைக் கேட்டுவிட்டுப் பெருக்குகிறார்கள், அவ்வளவுதான். எதைப் பொறுக்கிக் கேட்டார்கள் என்பதில்தான் சூட்சுமம். 1940ல் அமெரிக்காவில் சீஷோர், எக்கர்சன் என்ற இருவர் ஒரு பெரிய அகராதியின் பக்கங்களிலிருந்து சீராகச் சொல் பொறுக்கி, கல்லூரி மாணவருக்குச் சராசரியாக ஒன்றரை லட்சம் சொல் தெரியும் என்றார்கள். அகராதியில் 'செட்', 'ரன்' மாதிரி சாதாரணச் சொற்கள்தான் பத்தி பத்தியாக இடம் பிடிக்கும். அரிய சொல்லுக்கு ஓரிரு வரிதான். பக்கம் பார்த்துப் பொறுக்கினால் தெரிந்த சொல்லே அதிகம் அகப்படும். இந்த ஓட்டையைத் தார்ண்டைக் 1924லேயே சொல்லியாகிவிட்டது! போதாக்குறைக்குக் கிளைச்சொற்களையும் தனித்தனியாக எண்ணிவிட்டார்கள். 1990ல், நான் இப்போது குப்பை கொட்டும் வெலிங்டனில், விக்டோரியா பல்கலைக்கழகத்தின் கோல்டன், நேஷன், ரீட் மூவரும் கவனமாக எண்ணியபோது, ஆங்கிலம் தாய்மொழியான பட்டதாரிகளுக்கே வந்தது சுமார் 17,000 அடிச்சொற்கள்.

கேள்வி எண்ணிக்கையையும் பாருங்கள். நேஷனும் பெக்லரும் 2007ல் வெளியிட்ட தேர்வில் 140 கேள்விகள், கேள்விக்கு 100 சொற்குடும்பம் கணக்கு. இருபதே கேள்வியில் 20,000 சொல்லை அளந்தால் ஒரு கேள்வி தவறினாலே ஆயிரம் சொல் காலி. குருட்டாம்போக்கில் சரியாக அடித்தால் ஆயிரம் லாபம் :-)

'தெரியும்' என்று டிக் அடிக்கச் சொல்லும் ரகம் வேறு. 1980களில் பால் மியரா அதில் இல்லாத சொற்களையும் கலந்துவைத்தார். அதற்கும் 'தெரியும்' என்றால் மார்க் குறையும். நான் பார்த்த இலவச டெஸ்டுகள் பலவற்றில் இந்தப் பொறியே இல்லை.

சரி, எத்தனை சொல் வேண்டும்? இதை நம்ம பக்கத்திலேயே ஒருவர் யோசித்தார். 1920களில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்த மைக்கேல் வெஸ்ட். வங்காளப் பையன்களின் ஆங்கிலப் பாடப்புத்தகங்களில் அரிய சொற்கள் நெருக்கியடித்துக் கிடப்பதைக் கண்டு, அவற்றை நீக்கி எளிய சொற்களைப் போட்டு, புதுச்சொற்களை இடைவெளி விட்டுத் தந்தார். 1953ல் அவர் வெளியிட்ட பட்டியலில் சுமார் 2,000 சொற்கள். சாதாரண ஆங்கில எழுத்தில் ஐந்தில் நான்கு பங்கு அதற்குள்ளேயே அடங்கிவிடும். மேற்படிப்புக்குப் போகிறவர்களுக்காக அதன்மேல் 570 சொற்குடும்பங்களை அவெரில் காக்ஸ்ஹெட் 2000த்தில் சேர்த்தார், அதுவும் இதே வெலிங்டனில். இரண்டு பட்டியலும் இணையத்தில் சும்மாவே கிடைக்கின்றன.