கணக்கப்பிள்ளை துப்பறிவாளர் ஆன கதை

கம்ப்யூட்டர் தடயவியல்னு சொன்னதும் நம்ம ஆளுங்களுக்கு ஞாபகம் வர்றது போலீஸ், ஹேக்கர், அப்புறம் சினிமா. ஆனா இந்தத் தொழிலைப் பெரிய அளவில் செய்யறவங்கள்ல தணிக்கை நிறுவனங்களும் உண்டு. ஆடிட்டருக்கும் ஹார்ட் டிஸ்க்குக்கும் என்னங்க சம்பந்தம்? அதுக்கு 2002-ஆம் வருஷத்து அமெரிக்காவுக்குப் போகணும்.

மிசிசிப்பி மாநிலத்தில் கிளின்டன்னு ஒரு சின்ன ஊர். வேர்ல்ட்காம் என்ற பிரம்மாண்டமான தொலைபேசி நிறுவனத்தின் தலைமையகம் அங்கேதான். அதன் உள்தணிக்கைப் பிரிவின் தலைவர் சிந்தியா கூப்பர். அவர் குழுவில் ஜீன் மோர்ஸ் என்று ஒருவர். கணக்கும் தெரியும், கம்ப்யூட்டரும் தெரியும்.

அங்கே நடந்த தில்லுமுல்லு ரொம்ப எளிமையானது. மற்ற கம்பெனிகளின் தொலைபேசி இணைப்புகளைப் பயன்படுத்த வேர்ல்ட்காம் கட்டணம் கட்டியாகணும். அது செலவு. அந்தச் செலவில் ஒரு பகுதியைத் தூக்கி, சொத்து என்ற தலைப்பில் எழுதிவிட்டார்கள். மாசாமாசம் கட்டும் வாடகையை, வீடு வாங்கின கணக்கில் எழுதுற மாதிரி! செலவு குறையும், லாபம் ஏறும், பங்குச் சந்தையும் சந்தோஷமா இருக்கும்.

பழைய காலமா இருந்தா வவுச்சரைப் புரட்டிக் கண்டுபிடிக்கலாம். இங்கே வவுச்சரே கிடையாது. கம்ப்யூட்டரில் வெறும் என்ட்ரிதான். மோர்ஸ் லட்சக்கணக்கான என்ட்ரிகளைத் தோண்ட ஆரம்பித்தார். சர்வர் திணறியது. அதனால் ஆளில்லாத ராத்திரி நேரத்தில் வேலை. மே 28 அன்று, எந்த ஆதாரமும் இல்லாத 50 கோடி டாலர் என்ட்ரி ஒன்று சிக்கியது.

இதுக்கு அப்புறம் அவர் செய்ததுதான் முக்கியம். மேலிடத்துக்குத் தெரிந்தால் எல்லாவற்றையும் அழித்துவிடுவார்களோ என்ற பயம். சொந்தக் காசில் ஒரு சிடி ரைட்டர் வாங்கி, கண்டுபிடித்ததையெல்லாம் பிரதி எடுத்து வைத்தார். நிதித் தலைவர் ஸ்காட் சல்லிவன், தணிக்கையைத் தள்ளிப்போடச் சொல்லியும் கூப்பர் கேட்கவில்லை.

ஜூன் 25 அன்று 380 கோடி டாலர் பொய்க்கணக்கு என்று கம்பெனியே அறிவித்தது. ஜூலை 21 அன்று திவால். மொத்த மோசடி 1,100 கோடி டாலரைத் தொட்டது. 17,000 பேரை வீட்டுக்கு அனுப்பப்போவதாக அறிவிப்பு வந்தது. தலைவர் பெர்னார்ட் எப்பர்ஸுக்கு 2005-ல் 25 வருஷம் சிறை. சல்லிவனுக்கு 5 வருஷம்.

இதில் வேடிக்கை என்னன்னா, வேர்ல்ட்காமின் வெளித்தணிக்கையாளர் ஆர்தர் ஆண்டர்சன். என்ரான் விவகாரத்தில் காகிதங்களைக் கிழித்து, மின்னஞ்சல்களை அழித்த அதே நிறுவனம். ஜூன் 15 அன்றுதான் ஹூஸ்டன் நீதிமன்றத்தில் அது குற்றவாளி என்று தீர்ப்பானது. 2005-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. ஆனா அதற்குள் நிறுவனம் கலைந்தே போயிருந்தது. அழித்ததாக நினைத்த மின்னஞ்சல்களில் பல, பேக்கப்பிலிருந்து திரும்பி வந்தன என்பது தனிக்கதை :-)

2002 ஜூலை 30 அன்று சார்பேன்ஸ் ஆக்ஸ்லி சட்டம் வந்தது. விசாரணையைத் தடுக்க ஆவணங்களை அழித்தால் 20 வருஷம் வரை சிறை. அதன் பிறகு ஹார்ட் டிஸ்க்கைப் படிக்கத் தெரிந்த கணக்காளருக்கு மவுசு கூடியது. 2008-ல் அமெரிக்கக் கணக்காளர் சங்கம் தடயவியலுக்கென்றே தனிச் சான்றிதழ் கொண்டுவந்தது.

கணக்காளர் இன்று தன் வாடிக்கையாளருக்குச் சொல்லும் முதல் வார்த்தை: "சந்தேகம் வந்தா அந்தக் கம்ப்யூட்டரைத் தொடாதீங்க." திறந்து பார்த்தாலே கோப்புகளின் தேதி மாறலாம். நல்லெண்ணத்தோடு தேடப் போய் சாட்சியைக் கெடுக்கிறவங்கதான் அதிகம். முதலில், எதுவும் எழுதப்படாதபடி தடுப்பு போட்டு, டிஸ்க்கை அப்படியே முழுசாகப் பிரதி எடுப்பார்கள். பிரதியும் மூலமும் ஒன்றுதான் என்பதற்கு ஹாஷ் என்ற எண்ணைக் கணக்கிட்டு வைப்பார்கள். ஒரு எழுத்து மாறினாலும் அந்த எண் மாறிவிடும். தேடல் எல்லாம் பிரதியில்தான்.

அழிந்த கோப்பை மீட்க மென்பொருள் போதும். ஆனா "இந்த 50 கோடிக்கு ரசீது எங்கே?"ன்னு கேட்க கணக்குத் தெரிஞ்ச ஆள் வேணும். கேட்ட பிறகு பின்வாங்காமல் இருக்கக் கொஞ்சம் துணிச்சலும் வேணும். அந்த மூணும் அன்னிக்கு கிளின்டனில் ஒண்ணா இருந்தது.