ஒரு நாளைக்கு ஒரு செங்கல்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் என்றதும் எங்களுக்கு மார்ட்டின் லூதர் கிங்தான் ஞாபகம் வருவார். அவர் பேசிய தேவாலயங்களைக் கட்டினது யார் என்று நாங்கள் பெரிசாகக் கேட்பதில்லை.

அலபாமாவின் மொன்ட்கொமரி நகரில், வெள்ளையரின் பப்டிஸ்ட் சபைக்குள் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள், அடிமைமுறை ஒழிந்த கையோடு வெளியேறி 1867இல் தங்களுக்கென்று ஒரு சபையைத் தொடங்கினார்கள். பப்டிஸ்ட் முறையில் மேலே பேராயர் கிடையாது. போதகரைத் தெரிவுசெய்வதும் சம்பளம் கொடுப்பதும் சபையார்தான். நேற்றுவரை சந்தையில் விற்கப்பட்டவர்களுக்கு இது சின்ன விசயமில்லை. 1877இல் இதிலிருந்து பிரிந்தவர்கள் தொடங்கியதே, பின்னாளில் கிங் போதகராக இருந்த டெக்ஸ்டர் அவெனியூ சபை.

தாய்ச்சபையின் கட்டடம் தீயில் அழிந்தபோது புதிதாகக் கட்டக் காசில்லை. ஆளுக்கு நாளைக்கு ஒரு செங்கல் கொண்டு வரச் சொன்னார் போதகர். 1910இல் தொடங்கிய வேலை 1915இல் முடிந்தது. 'நாளுக்கொரு செங்கல் தேவாலயம்' என்ற பேரும் நிலைச்சுது.

1961 மே 21 இரவு, பேருந்துகளில் இனப் பாகுபாட்டை மீறிப் பயணித்த இளைஞர்களுக்கு ஆதரவாக ஏறத்தாழ 1,500 பேர் அங்கே கூடியிருந்தார்கள். கிங்கும் உள்ளே இருந்தார். வெளியே வெள்ளையினவெறிக் கும்பல் சூழ்ந்து கல்லெறிந்தது. விடியும்வரை சனத்தைக் காத்ததில் அந்தச் செங்கற்களுக்கும் பங்கிருக்கு.

எங்கட ஊர்த் தேவாலயங்களின் வரலாற்றை எழுதும்போதும் நாங்கள் போதகர்களின் பெயர்ப்பட்டியலோடு நின்றுவிடுகிறோம். கல் சுமந்தவர்களையும் எழுதத்தான் வேணும்.