கோட்டை வாசலில் ஒரு நாய்க்கயிறு

திருகோணமலைக்கு வருபவர்கள் கோணேசர் ஆலயத்துக்குச் செல்லும் வழியில் பிரட்றிக் கோட்டையைக் கடந்தே ஆகவேண்டும். போர்த்துக்கேயர் 1624இல் கட்டிய கோட்டை அது. ஒல்லாந்தர் கைக்கும் பிரித்தானியர் கைக்கும் மாறி, 1803இல் இன்றைய பெயரைப் பெற்றது. அதன் வாசலில் படையினரும் அடியார்களும் புள்ளிமான்களும் ஒரே பாதையில் நடமாடுகின்றனர். அந்தப் பாதையில் வளர்ப்பு நாயுடன் வரும் ஒருவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும்? சிறிய கேள்விதான். ஆனால் அதன் பின்னால் நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

நாய்க்கும் நமக்குமான உறவு விசித்திரமானது. வைரவரின் வாகனம் என்று கோயிலில் வணங்குகிறோம். வீதியில் கண்டால் கல்லெடுக்கிறோம். இந்த அச்சத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. விசர்நாய்க்கடி நோய் மூளையை எட்டி அறிகுறிகள் தோன்றிவிட்டால் மீட்சி என்பது ஏறக்குறைய இல்லை. 1885இல் பாரிசில் லூயி பாஸ்டர் தமது தடுப்பூசியை ஒரு சிறுவனுக்கு முதன்முதலாகச் செலுத்தினார். எட்டு ஆண்டுகளின் பின், 1893இல், இலங்கையில் விசர்நாய்க்கடிக் கட்டளைச்சட்டம் பிறந்தது. கட்டுப்பாடின்றித் திரியும் நாய்களைப் பிடிக்கவும் அழிக்கவும் அது அதிகாரம் அளித்தது. 1901இல் வந்த நாய்கள் பதிவுச் சட்டம், வளர்ப்பவர் தம் நாயை ஆண்டுதோறும் பதிவுசெய்ய வேண்டும் என்றது. நாய்க்கு உரிமையாளர் என ஒருவர் உண்டு, அவருக்குப் பொறுப்பும் உண்டு என்பதே அதன் சாரம்.

ஆயினும் நடைமுறையில் பொறுப்பு நாயின் தலையிலேயே விழுந்தது. 1973ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 377 பேர் இந்நோயால் மாண்டனர். பல்லாண்டுகளாகத் தெருநாய்கள் கொல்லப்பட்டன. எனினும் மரணங்களைக் குறைப்பதில் பெரும்பங்கு வகித்தது நாய்களுக்கான தடுப்பூசியே. அண்மைக் காலங்களில் அந்த எண்ணிக்கை ஆண்டுக்குச் சில பத்துகளாகச் சுருங்கியுள்ளது. "நாய் கடித்துச் சிறுவன் மரணம்" என்ற இரண்டு வரிச் செய்தியைச் செய்தி மேசையில் பலமுறை திருத்தியவன் என்ற முறையில், அந்தச் சுருக்கத்தின் பெறுமதியை நான் அறிவேன்.

2006இல் நாய்களைக் கொல்வதில்லை என்று அரசு முடிவெடுத்தது. அதே ஆண்டின் ஓகஸ்டில் விரிகுடாவின் தென்கரையிலுள்ள மூதூரில் போர் வெடித்து, பல்லாயிரவர் வீடுகளை விட்டோடினர். ஓடுபவர்களால் நாய்களை அழைத்துச் செல்ல இயலாது. போர் எங்கும் கட்டாக்காலிகளைப் பெருக்கும். கொல்வதும் இல்லை, உரியவரும் இல்லை என்றாகும்போது, எஞ்சுவது நாய் வளர்ப்போரின் ஒழுக்கம் ஒன்றே.

மேலைநாடுகளில் இந்த ஒழுக்கத்துக்கென்றே இடம் ஒதுக்கினர். கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் 1979இல் தோன்றிய ஓலோன் பூங்கா நாய்ப்பூங்காக்களின் முன்னோடி எனப்படுகிறது. அதற்கு முந்தைய ஆண்டிலேயே நியூயோர்க்கில், நாயின் கழிவை அதனை அழைத்து வந்தவரே அகற்ற வேண்டும் என்ற சட்டம் நடைமுறைக்கு வந்துவிட்டது. இன்று ரொறன்ரோவிலும் சிங்கப்பூரிலும் வாழும் நம்மவருக்கு இவை பழகிய விதிகள். அங்கு வேலியும் அறிவிப்புப் பலகையும் நினைவூட்டும் கடமைகளை, இங்கு மனச்சாட்சிதான் நினைவூட்ட வேண்டும்.

கோட்டை வாசலை அடையும் முன்பே கயிற்றைக் குறுக்கிப் பிடியுங்கள். மானைக் கண்டால் துரத்துவது நாயின் இயல்பு. அதைக் குற்றஞ்சொல்லிப் பயனில்லை. டச்சுக்குடா மணலிலும் உட்துறைமுக வீதியிலும் வெறுங்காலோடு குழந்தைகள் ஓடுகின்றனர். கழிவை அள்ளிச் செல்லுங்கள். ஆனால் அள்ளிய பையை அங்கேயே எறியாதீர்கள். பொலித்தீனைத் தின்று மான்கள் மடிகின்றன. "கடிக்காது" என்று சொல்லிக்கொண்டே நாயை அந்நியரிடம் விடாதீர்கள், முதலில் கேளுங்கள். வேட்கைக் காலத்துப் பெட்டை நாயை வீட்டிலேயே வைத்திருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஆண்டுத் தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். கடி நேர்ந்தால், காயத்தைச் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவி, உடனே மருத்துவமனைக்கு விரையுங்கள்.

1893இன் சட்டம் நாயைப் பார்த்துப் பேசியது. இன்றைய காலம் கயிற்றின் மறுமுனையில் நிற்கும் மனிதரைப் பார்த்துப் பேசுகிறது. அவர் செவிசாய்த்தால், கோட்டை வாசலில் மானுக்கும் இடமுண்டு, அடியாருக்கும் இடமுண்டு, நாய்க்கும் இடமுண்டு.